ஜியோ ஆர்பிட்ல ஜிபிஎஸ் கிடைக்குமா? ஒரு சிமுலேஷன் போட்டு நான் பட்ட பாடு

மொதல் ரன்ல வந்த விடை சைபர். 24 மணி நேரம், 31 ஜிபிஎஸ் சேட்டிலைட், ஜியோ ஆர்பிட்ல (சிம் ஜியோ இல்ல, பூமி சுத்துற வேகத்துலயே கூடச் சுத்தி, தரைலருந்து பாத்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி தெரியுற சேட்டிலைட் பாதை) ஒரே ஒரு ரிசீவர், ஒரு நிமிஷம் கூட ஒரு சிக்னல் கூட தெரியலைன்னு என் கோடு, அதாவது நான் எழுதுன புரோகிராம், அடிச்சு சொல்லுது. இப்ப யோசிச்சா அந்த சைபர் மேல எனக்கு மரியாதையே இருக்கு, ஏன்னா பாத்த உடனே தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கப்பறம் வந்த தப்பெல்லாம் நல்லா சட்டை போட்டு இன் பண்ணி வந்து உக்காந்துச்சு, கண்டுபிடிக்க வாரக்கணக்குல ஆச்சு.

நான் பெங்களூர்ல ஒரு சின்ன கம்பெனில சிமுலேஷன் வேலை பாக்குறேன், வீடு ஓசூர்ல. 2024 ஆரம்பத்துல எங்ககிட்ட வந்த கேள்வி இதுதான்: ஒரு சேட்டிலைட்டை ராக்கெட் ஜிடிஓவுல விட்டுட்டுப் போயிடும், அதாவது கிட்டத்துல 250 கிமீ, தூரத்துல 35,786 கிமீன்னு நீள்வட்டப் பாதை, அங்கருந்து அது தானா ஜியோவுக்கு ஏறணும், இந்த வழியில எங்கெங்க ஜிபிஎஸ் கிடைக்கும், மேல போய் உக்காந்தப்பறமும் கிடைக்குமா? கிடைச்சா தரை ஸ்டேஷன் வாடகைக்கு எடுத்து தூரம் அளக்குற செலவு பாதி மிச்சம். நான் அதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் தரை ரிசீவர் வேலை, ஊருக்குள்ள கட்டடம் நடுவுல எத்தன சேட்டிலைட் தெரியும்ங்கற மாதிரி. அந்தக் கோடையே எடுத்து உயரத்த மட்டும் மாத்துனா போதும்னு நெனச்சேன். அங்கதான் ஆரம்பிச்சுது.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் சேட்டிலைட் சுத்துறது தரையிலருந்து சுமார் 20,200 கிமீ உயரத்துல. ஜியோ அதுக்கும் மேல. ஜிபிஎஸ் பூமியப் பாத்து டார்ச் அடிக்குது, ஜியோவுல இருக்குற நாம டார்ச்சுக்குப் பின்னாடி நிக்கிறோம், அப்பறம் எப்படி வெளிச்சம் வரும்? பக்கத்துல இருக்குற சேட்டிலைட்லருந்து வராது, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்குறதுலருந்துதான் வரும். ராத்திரி வாசல்ல நிக்கிற ஆள் மேல டார்ச் அடிச்சா பின்னாடி சுவத்துல நிழல் விழும், நிழலைச் சுத்தி வெளிச்சமும் விழும்ல, நமக்கு அந்தச் சுத்து வெளிச்சம்தான் வேணும். ஜிபிஎஸ் சேட்டிலைட்லருந்து பாத்தா பூமியோட விளிம்பு நடுக்கோட்டுலருந்து 13.9 டிகிரில இருக்கு. எல்1ங்கற ஜிபிஎஸ்ஸோட முக்கிய அலைவரிசை சிக்னலுக்கு விண்வெளிப் பயனர்களுக்குன்னு கணக்குல சொல்ற மெயின் பீம் 23.5 டிகிரி வரைக்கும். ஆக நடுவுல இருக்குற அந்த 9.6 டிகிரி வளையம், அதுலதான் எங்க பொழப்பே.

சைபருக்கு வருவோம். தரைக் கோடுல எலிவேஷன் மாஸ்க் 10 டிகிரின்னு போட்டிருந்தேன், அதாவது அடிவானத்துக்கு மேல 10 டிகிரிக்குக் கீழ இருக்குறத எண்ணாதேன்னு. ஜியோவுல நின்னா எல்லா ஜிபிஎஸ்ஸும் நம்ம காலுக்குக் கீழதான், அப்ப எண்ணுறதுக்கு என்ன இருக்கு. மாஸ்க்கத் தூக்கிட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல பூமி மறைக்குதான்னு ஒரு செக் எழுதினேன். பூமி மையத்துலருந்து அந்தக் கோட்டுக்கு செங்குத்து தூரம் எடு, பூமி ஆரத்த விடக் கம்மியா இருந்தா மறைக்குது. ஜியோவுக்கு அழகா வேலை செஞ்சுது. அதையே ஜிடிஓவோட கீழ்ப் பகுதிக்கு ஓட்டுனா தலைக்கு மேல இருக்குற சேட்டிலைட்டெல்லாம் காணாமப் போகுது! நான் எடுத்தது முடிவில்லாம நீளுற கோடு. தலைக்கு மேல இருக்குறவன்கிட்டருந்து நமக்கு வர்ற கோட்ட நமக்குப் பின்னாடியும் நீட்டுனா அது நேரா பூமியக் குத்திட்டுத்தான் போகும். ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற துண்ட மட்டும் பாக்கணும். ஸ்கூல் ஜியாமெட்ரிதான், ஆனா ஒரு நாள் முழுசா போச்சு.

இதெல்லாம் சின்னது. அடுத்தது கொஞ்சம் மானத்த வாங்குன கதை.

எங்களுக்கு ஆலோசகரா ஒரு ரிட்டயர்டு சார் வாரத்துல ரெண்டு நாள் வருவாரு. நான் கலர் கலரா கிராஃப் போட்டுக் காட்டுனேன், ஜியோவுல சிக்னல் பலம் 35 டிபி-ஹெர்ட்ஸ் (பின்னணி இரைச்சலோட ஒப்பிட்டு சிக்னல் எவ்வளவு பலம்னு டெசிபல்ல சொல்ற அளவு) போல வருது சார், சாதா ரிசீவரே போதும் போலருக்குன்னு. அவரு கிராஃப சரியாக் கூடப் பாக்கல. "தம்பி, லேப்டாப்ப மூடு. பேப்பர் எடு. ஒரே ஒரு சேட்டிலைட், ஒரே ஒரு நேரம், கையால போடு"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல்தான், நான் லட்சக்கணக்குல லிங்க் (ஒரு சேட்டிலைட்லருந்து ரிசீவருக்கு வர்ற சிக்னல் கணக்கு) ஓட்டியிருக்கேன், இவரு ஒண்ணு கேக்குறாரேன்னு.

போட்டோம். சேட்டிலைட்ல நடுக்கோட்டுலருந்து 20 டிகிரி விலகிப் போற சிக்னல்னு வச்சுக்கிட்டோம். ஜிபிஎஸ் பாதையோட ஆரம் 26,560 கிமீ, ஜியோவோடது 42,164. 26,560-ஐ சைன் 20-ஆல பெருக்குனா 9,084 கிமீ, பூமி ஆரம் 6,378, அதனால மறைக்கல, தாண்டி வந்துருச்சு. அந்த 9,084-ஐ 42,164-ஆல வகுத்து சைன் இன்வர்ஸ் எடுத்தா 12.4 டிகிரி, அது நம்ம ரிசீவர் பூமி மையத்தப் பாக்கும்போது அந்த சிக்னல் வந்து விழுற கோணம். தூரம் சுமார் 66,100 கிமீ. அந்த தூரத்துக்கு எல்1-ல வர்ற இழப்பு 192.8 டிபி. தரைல நேர் தலைக்கு மேல இருக்குறதுக்கு 182.5. ஆக தூரத்தால மட்டுமே 10 டிபி போச்சு, பீமோட ஓரத்துல வர்றதால இன்னும் நெறைய போகும். ஜிபிஎஸ்காரங்களே ஜியோ உயரத்துல 23.5 டிகிரி ஓரத்துக்குச் சொல்ற குறைஞ்சபட்ச பலம் மைனஸ் 184 டிபிடபிள்யூ (ஒரு வாட்டோட ஒப்பிட்டு டெசிபல்ல சொல்றது), தரைக்குச் சொல்றது மைனஸ் 158.5. 25 டிபிக்கு மேல வித்தியாசம், அதாவது 350 மடங்கு சுருங்கிப் போன சிக்னல். சாதா வெப்பநிலைல நாய்ஸ், அதாவது பின்னணி இரைச்சல், ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 204 டிபிடபிள்யூ. கழிச்சா 20 டிபி-ஹெர்ட்ஸ். ஓரத்த விட்டு உள்ள வந்தா கொஞ்சம் கூடும், ஆனா எல்லாமே 35-ன்னு எப்படி வரும்?

சார் பேனாவ 12.4 மேலயும் 20 மேலயும் மாறி மாறித் தட்டுனாரு. "உன் கோடு ஆன்டெனா டேபிள்ல எந்தக் கோணத்த வச்சுத் தேடுது?" அவ்வளவுதான் கேட்டாரு. நான் போய்ப் பாத்தா, அனுப்புற ஆன்டெனாவோட டேபிள்ல வாங்குற பக்கத்துக் கோணத்தக் குடுத்துருக்கேன். வாங்குற பக்கம் எல்லாமே 8.7-லருந்து 14.5 டிகிரிக்குள்ள அடங்கிடும், டேபிள்ல அந்த இடம் பீமோட நல்ல கொழுத்த பகுதி. அனுப்புற பக்கம் உண்மையான கோணம் 13.9-லருந்து 23.5 வரைக்கும், அங்க பீம் மெலிஞ்சு போயிருக்கும். தரைக் கோடுல இந்தத் தப்பு வெளியவே வராது, ஏன்னா தரைய நோக்கி ஓரளவு சமமா பலம் விழுற மாதிரியே அந்த ஆன்டெனாவ வடிவமைச்சிருக்காங்க. இப்ப நான் புது லிங்க் மாடல் எழுதுனா முதல்ல கையால ஒண்ணு போட்டு அத டெஸ்ட் ஃபைல்ல வச்சுடுவேன், கோடு மாறும்போதெல்லாம் அந்த நம்பர் தானா செக் ஆகும். சாரோட பேப்பர் இன்னும் என் டிராயர்ல இருக்கு.

அந்தக் கணக்குலருந்தே இன்னொரு விஷயம் வந்துச்சு. நம்ம ரிசீவர் ஆன்டெனாவுக்கு நான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி 0 டிபின்னு வச்சிருந்தேன். சிக்னல் வர்றதே நடுவுல ஒரு ஓட்டை போட்ட வடை மாதிரி வளையத்துலருந்துன்னா, எல்லாப் பக்கமும் பாக்குற ஆன்டெனா எதுக்கு, பூமிய நோக்கி குறுகலா ஒரு நல்ல ஆன்டெனா வச்சா 8, 9 டிபி சும்மா கிடைக்கும். ஆனா ஜிடிஓவோட அடில 250 கிமீ உயரத்துல இருக்கும்போது சிக்னல் தலைக்கு மேலருந்து வருது, அப்ப மேலயும் ஒண்ணு வேணும். ரெண்டு ஆன்டெனா, நடுவுல மாத்துறதுக்கு ஒரு லாஜிக். இத மெக்கானிக்கல் டீம்ல சொன்னப்ப அவங்க சிரிச்சாங்க, பூமியப் பாக்குற முகத்துல பேலோட், அதாவது சேட்டிலைட்டோட முக்கிய வேலைக்கான கருவி, ஏற்கெனவே இடத்தப் புடிச்சிருக்கு, ஒரு தட்டு வைக்கவே கெஞ்சணும். சிமுலேஷன்காரன் இத முதல் வாரத்துலயே போய்க் கேக்கணும், நான் ரெண்டாவது மாசம் கேட்டேன்.

இப்ப மொட்டமாடி கதை, இதச் சொல்லத்தான் எழுதவே உக்காந்தேன்.

எல்லாம் சரி பண்ணி ஓட்டுனதுக்கப்பறம் ரிசல்ட் நல்லாவே வந்துச்சு. ஐநா சார்புல ஐசிஜின்னு ஒரு கமிட்டி இருக்கு, ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ், பெய்டோ, நம்ம நாவிக்னு இடம் காட்டுற சேட்டிலைட் சிஸ்டம் வச்சிருக்குறவங்க எல்லாரும் உக்காந்து பேசுற இடம். அவங்க 2018-ல விண்வெளிப் பயனர்களுக்கான கவரேஜ் பத்தி ஒரு புத்தகமே போட்டாங்க, 3,000-லருந்து 8,000 கிமீ வரைக்கும் ஒரு அடுக்கு, அதுக்கு மேல 36,000 வரைக்கும் இன்னொண்ணு. அதுல இருக்குற ஜியோ கணக்கோட என்னோடத ஒப்பிட்டா சதவீதமெல்லாம் பக்கத்துல பக்கத்துல வருது. டீம் லீடு மேடம் கூட "பரவால்லப்பா, ரிப்போர்ட் எழுத ஆரம்பி"ன்னுட்டாங்க.

2024 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு, ஞாயித்துக்கிழமை. சாப்புட்டு வேல ஒண்ணும் இல்ல, அன்னைக்கு அல்மனாக் ஃபைல இறக்கினேன். அல்மனாக்னா எந்தெந்த சேட்டிலைட் எந்தப் பாதைல இருக்குன்னு சுருக்கமா சொல்ற டேபிள், யூமாங்கற ஃபார்மட்ல அமெரிக்க கோஸ்ட் கார்டு சைட்ல சும்மா கிடைக்கும். திடீர்னு தோணுச்சு, ஜியோவுல போய்ப் பாக்க முடியாது, நம்ம மொட்டமாடியப் பாக்கலாமே. கோடுல ரிசீவர் இடத்த ஓசூர்னு மாத்துனேன், லேப்டாப்பத் தூக்கிட்டு மேல போனேன். போன்ல வானத்துல எந்தெந்த ஜிபிஎஸ் எங்கெங்க இருக்குன்னு வட்டத்துல புள்ளி புள்ளியா காட்டுற ஆப் ஒண்ணு உண்டுல்ல, அதத் தொறந்தேன். மேல கீழ்வீட்டு அக்கா கூழ்வத்தல் காயப்போட்டு காக்காய்க்குக் காவல் உக்காந்திருந்தாங்க. நான் சின்டெக்ஸ் டேங்க் நிழல்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு போன வானத்துக்குத் தூக்கிக் காட்டிட்டு நிக்கிறத பாத்துட்டு "என்ன தம்பி, டவர் கிடைக்கலையா?"ன்னாங்க. "டவர் இல்லக்கா, சேட்டிலைட்"னேன். "அதுக்கு அந்தப் பக்கம் போப்பா, வத்தல்ல நிழல் விழுது."

அந்தப் பக்கம் போனேன். ஒண்ணு கூட பொருந்தல. போன்ல கிட்டத்தட்ட உச்சந்தலைல ஒரு நம்பர், என் கோடுல அந்த நம்பர் பூமிக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கு. மொத்தம் எத்தன தெரியுதுங்கற எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய சரி, ஆளுங்க எல்லாம் வேற. கல்யாண வீட்டுக்குப் போறோம், கூட்டம் சரியா இருக்கு, ஆனா தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கூட இல்ல, மண்டபம் மாறி வந்துட்டோம்னு அப்பதான் ஒறைக்கும்ல, அப்படி.

காரணம் யூமா ஃபைல்ல ஒரே ஒரு வரி. பாதை பூமத்திய ரேகைய எங்க வெட்டுதுன்னு சொல்ற கோணம், அதுக்கு ரைட் அசென்ஷன் அட் வீக்னு பேரு போட்டிருக்கும். ரைட் அசென்ஷன்னு பாத்த உடனே நான் நட்சத்திரங்கள வச்சு அளக்குற கோணம்னு எடுத்துக்கிட்டேன். உண்மைல அது அந்த ஜிபிஎஸ் வாரம் தொடங்குற நொடில, அதாவது சனிக்கிழமை நள்ளிரவுல, கிரீன்விச் எங்க இருக்கோ அங்கருந்து அளந்த கோணம். வாரத் தொடக்கத்துல கிரீன்விச்சோட கோணம் எவ்வளவோ அத்தனயும் தப்பு, ஏப்ரல் நடுவுல அது சுமார் 200 டிகிரி. மொத்த ஜிபிஎஸ் கூட்டத்தையும் அப்படியே கொத்தா 200 டிகிரி திருப்பி வச்சிருக்கேன், ரெண்டு மாசமா!

அப்ப புத்தகத்தோட எப்படி ஒத்துப்போச்சு? அதான் கொடும. கொத்தா திருப்புனா ஒருத்தருக்கொருத்தர் இடைவெளி மாறாது, ஒரு நாள் பூரா சராசரி எடுத்தா சதவீதம் அவ்வளவா அசையாது. எப்ப கிடைக்கும், எப்ப கிடைக்காதுங்கறது மட்டும்தான் தப்பா வரும். எங்க ஆளுங்களுக்கு வேணுங்கறதே அந்த "எப்ப"தான், இஞ்சின எரிக்கிற நேரத்துல சிக்னல் இருக்கணும்ல. அந்த ரிப்போர்ட் மட்டும் போயிருந்தா... நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. திங்கக்கிழமை போய் மேடம்கிட்ட சொன்னேன். திட்டல, "எத்தன நாள் வேணும்?"னு மட்டும் கேட்டாங்க, அது திட்டுனத விட மோசம்.

அதே ஃபைல்ல இன்னொரு பொறி உண்டு, அதுல நான் மாட்டல, ஆனா கூட வேலை பாக்குற தம்பி மாட்டுனான். வார நம்பர் 1024 ஆனதும் திரும்ப சைபர்லருந்து ஆரம்பிக்கும், கடைசியா 2019 ஏப்ரல்ல அப்படித் திரும்புச்சு. அந்த வாரம் ஃபைல்ல 262-ன்னு இருந்துச்சு, உண்மைல 2310, அதாவது 2048 கூட்டணும். அவன் 1024 கூட்டிட்டு 2004-ல போய் நின்னான். ஆனா தேதிய பிரிண்ட் பண்ணியிருந்தான், அஞ்சு நிமிஷத்துல புடிச்சுட்டான்.

சராசரி பத்தி சொன்னேன்ல, அதுக்கப்பறம் எனக்கு சதவீதத்து மேலயே நம்பிக்கை போச்சு. நாள்ல இத்தன சதவீத நேரம் ஒரு சிக்னலாவது கிடைக்கும்ங்கறத விட, தொடர்ந்து ஒண்ணுமே கிடைக்காத நீளமான நேரம் எவ்வளவு, அது எப்ப வருதுங்கறதுதான் கேள்வி. அதுக்கு டைம் ஸ்டெப்பும், அதாவது எத்தன நேரத்துக்கு ஒரு தடவ கணக்குப் போடுறோம்ங்கறதும், முக்கியம். ஜியோவுல ஒரு நிமிஷ ஸ்டெப் தாராளம். ஜிடிஓவோட அடில சேட்டிலைட் செகண்டுக்கு 10.2 கிமீ வேகத்துல பறக்குது, ஒரு நிமிஷத்துல 600 கிமீ, மேல உச்சில செகண்டுக்கு 1.6 கிமீதான். அதனால கீழ வரும்போது ஸ்டெப்ப சின்னதாக்கிக்கணும். அந்த வேகத்துல டாப்ளர், அதாவது வேகத்தால சிக்னலோட அலைவரிசை நகர்றது, வேற 50 கிலோஹெர்ட்ஸ ஒட்டிப் போகும், தரைல 5-க்குள்ளதான். ரிசீவர் தேடுற எல்லை அத்தன அகலமா இல்லன்னா, சிமுலேஷன்ல பச்சையா தெரியுற இடத்துல நிஜத்துல ஒண்ணும் வராது. கோளம் பூரா கவரேஜ் மேப் போடுறவங்க அட்சரேகை தீர்க்கரேகை கட்டம் வச்சு அப்படியே சராசரி எடுக்காதீங்க, துருவத்துப் பக்கம் கட்டமெல்லாம் குட்டி குட்டியா குவிஞ்சு கெடக்கும், அட்சரேகையோட கொசைன வச்சு எடை போடணும்.

அப்பறம் சைடு லோப். மெயின் பீமுக்கு வெளிய, 23.5 டிகிரியத் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சம் சிக்னல் சிந்தும். அதயும் சேத்தா கிடைக்குற சேட்டிலைட் எண்ணிக்கை மளமளன்னு ஏறும். இது கற்பனை இல்ல, 2000-ல அமெச்சூர் ரேடியோக்காரங்க விட்ட ஏஓ-40 சேட்டிலைட்லயே ஜிபிஎஸ் ரிசீவர் வச்சு மேலருந்து அளந்தாங்க, நாசாவோட எம்எம்எஸ்ங்கற ஆராய்ச்சி சேட்டிலைட்டுகள் 2019-ல 1,87,167 கிமீ தூரத்துல, நிலாவுக்குக் கிட்டத்தட்ட பாதி வழில, ஜிபிஎஸ் வச்சு இடம் கண்டுபிடிச்சுது. ஐஐஆர் ரக ஜிபிஎஸ் சேட்டிலைட்டுகளோட ஆன்டெனா அளவுகள லாக்ஹீட் மார்ட்டின் வெளியிட்டிருக்கு, அத எடுத்து ஓட்டலாம். ஆனா சைடு லோப் எவ்வளவு வரும்னு யாரும் உத்தரவாதம் குடுக்குறதில்ல, அடுத்த ரக சேட்டிலைட்ல அது மாறலாம். அதனால நான் டேபிள்ல ரெண்டு பத்தி போட்டேன், மெயின் பீம் மட்டும் ஒண்ணு, சைடு லோப் சேத்தது ஒண்ணு. கஸ்டமர் கண்ணு ரெண்டாவது பத்திலதான் போகும், அதனால முதல் பத்திய வச்சுத்தான் டிசைன்னு மேல பெருசா எழுதிட்டேன்.

இடம் கண்டுபிடிக்க நாலு சேட்டிலைட் வேணுமேன்னு எல்லாரும் கேப்பாங்க, நானும் மொதல்ல அத வச்சுத்தான் பாஸ் ஃபெயில் போட்டேன். மேடம்தான் மாத்துனாங்க. தரைல கார் எந்த நிமிஷமும் திரும்பும், அங்க நாலும் ஒரே நேரத்துல வேணும். சேட்டிலைட் எங்க போகப் போகுது, நியூட்டன் சொன்ன பாதைலதான போகும். இப்ப ஒண்ணு, அரை மணி கழிச்சு ரெண்டு, அப்பறம் ஒண்ணுன்னு சிதறி வந்தாலும் கால்மன் ஃபில்டர் (பழைய கணிப்பையும் புது அளவையும் சேத்து இடத்தக் கணிக்கிற கணக்கு முறை) பாதைய ஒட்டிக்கிட்டுப் போயிடும், நடுவுல ரிசீவரோட கடிகாரம் ரொம்ப தப்பா ஓடாம இருந்தா போதும். எம்எம்எஸ் நல்ல ஸ்திரமான ஆசிலேட்டர், அதாவது கடிகாரத்துக்குத் துடிப்பு குடுக்குற பாகம், வச்சுக்கிட்டுத்தான் போச்சு. இன்னொண்ணு, ஜியோவுல நாலு கிடைச்சாலும் எல்லாம் 15 டிகிரி கூம்புக்குள்ள இருந்து வருது, உயரத்துல வர்ற பிழையும் கடிகாரப் பிழையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துக்கும், அந்த நாலு வச்சு போட்ட இடத்த அப்படியே நம்ப முடியாது. கலிலியோவையும் பெய்டோவையும் சேத்து ஓட்டுனப்ப இடைவெளியெல்லாம் நல்லாவே அடைபட்டுச்சு, அதனால ரெண்டு மூணு சிஸ்டம் கேக்குற ரிசீவரா பாருங்கன்னு எழுதிக் குடுத்தோம்.

ரிசீவர்னதும் ஒண்ணு. விலை கம்மின்னு ஒரு சாதா மாட்யூல ஒருத்தர் பரிந்துரைச்சாரு, சிமுலேஷன்படி கீழ் ஆர்பிட்டுக்கு அது போதும்தான். ஆனா கடைல விக்கிற மாட்யூல்கள்ல 18 கிமீ உயரம், செகண்டுக்கு 515 மீட்டர் வேகம்னு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக ஒரு பூட்டு இருக்கும், ஏவுகணைல மாட்டிடக் கூடாதுன்னு. சிலதுல ரெண்டும் சேந்து தாண்டுனா நிக்கும், சிலதுல ஒண்ணு தாண்டுனாலே நிக்கும். எந்த லிங்க் பட்ஜெட்லயும், அதாவது சிக்னல் பலத்தக் கூட்டிக் கழிக்கிற கணக்குலயும், இது வராது. டேட்டாஷீட்டோட கடைசிப் பக்கத்துல, குட்டி எழுத்துல.

ரிப்போர்ட் ஜூன்ல போச்சு. போறதுக்கு முன்னாடி வேற வேற நாள், வேற வேற நேரம்னு நாலு தடவ மொட்டமாடி ஏறி பாத்துட்டுத்தான் அனுப்புனேன். இப்ப 2025 மார்ச்சுல நாசாவும் இத்தாலியும் சேந்து அனுப்புன லுக்ரி ரிசீவர் நிலா மேலயே ஜிபிஎஸ்ஸும் கலிலியோவும் புடிச்சதுக்கப்பறம் என் கோட நிலா வரைக்கும் நீட்டிட்டு இருக்கேன். அங்கருந்து பாத்தா மொத்த ஜிபிஎஸ் கூட்டமும் பூமி மையத்துலருந்து 4 டிகிரிக்குள்ள அடங்கிடுது, இழப்பு 208 டிபி. பேப்பர்ல ஒரு லிங்க் போட்டாச்சு, கோடுல 3 டிபி கூட வருது, எங்கன்னு இன்னும் புடிபடல.